எண்ணெய்ப் பண்டங்களை மரக்கறி போலச் சோதிக்க வேண்டாம்

வடமாகாண விவசாயத் திணைக்கள அதிகாரிகளுக்கும் உணவு மாதிரிகளைப் பரிசோதிக்கும் ஆய்வுகூடப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். வன்னியில் விளையும் எள்ளையும் கச்சானையும், அவற்றிலிருந்து ஆட்டும் எண்ணெயையும் பீடைகொல்லி எச்சத்துக்காகப் பரிசோதிக்கும்போது, மரக்கறிக்கென அமைந்த முறையை அப்படியே கையாள வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். சாமத்தியப்பட்ட பிள்ளைக்கு நல்லெண்ணெய் பருக்கும் மண் இது; வற்றாப்பளை அம்மன் கோவிற் பொங்கலுக்குப் போனவர்கள் கச்சான் வாங்காமல் வீடு திரும்புவது அரிது. "எச்சம் காணப்படவில்லை" என்று ஓர் அறிக்கை சொன்னால், அதை நம்பித்தான் இவர்கள் உண்ணப் போகிறார்கள்.

2003இல் வெளியான குவெச்சர்ஸ் முறை பழங்களுக்கும் மரக்கறிகளுக்குமாக உருவானது. மாதிரியோடு அசற்றோநைத்திரைல் என்னும் கரைப்பான் திரவத்தைச் சேர்த்துக் குலுக்கி, உப்பிட்டுப் பிரித்து, மேலே தெளியும் கரைசலை எடுப்பதே அதன் சாரம். எள்ளிலோ ஏறத்தாழப் பாதி எண்ணெய். டி.டி.ரி. என்ற பூச்சிகொல்லியின் சிதைவுப்பொருளான டி.டி.ஈ போன்று கொழுப்பில் எளிதிற் கரையும் நச்சுகள் அந்த எண்ணெயை முற்றாக விட்டு வருவதில்லை. ஒரு பகுதி அதிலேயே தங்கிவிட, கருவி குறைத்தே அளக்கிறது. கரைசலோடு வந்துவிடும் சிறிதளவு கொழுப்பும் எச்சங்களை ஆவியாக்கிப் பிரித்தறியும் வாயு குரோமற்றோகிராபிக் கருவியின் உட்செலுத்து வாயிலிற் படிந்து, அடுத்தடுத்த மாதிரிகளின் அளவீட்டையும் கெடுக்கும்.

கரைசலை -20 பாகை செல்சியசில் ஓரிரவு வைத்தால் கொழுப்பு வெண்படலமாக உறைந்து குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். தெளிவை வடித்து, கொழுப்பை ஈர்த்துக்கொள்ளும் சி18 என்ற தூளால் மேலும் சுத்திகரிக்கலாம். ஆனால் இதனாற் கரைசல் தெளியுமே தவிர, எண்ணெயோடு நின்றுவிட்ட நஞ்சு திரும்பி வராது. என் கவலையெல்லாம் இந்த இடத்திலேதான். நச்சற்றதென உறுதிசெய்த நல்லெண்ணெயிற் தெரிந்த அளவு பீடைகொல்லியைக் கலந்து, எத்தனை வீதம் மீள்கிறதென ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பார்த்தாலன்றி உண்மை புலப்படாது. பொதுவாக 70 முதல் 120 வீதம் வரை ஏற்கப்படுகிறது. அதற்குக் குறைந்தால், எண்ணெயை முழுமையாகக் கரைத்து மூலக்கூறுகளைப் பருமனாற் பிரிக்கும் ஜெல் நிரல் முறைக்கு மாறுவதே நேர்மையான வழி.

பிண்ணாக்கையும் தனி மாதிரியாக எடுக்க வேண்டுகிறேன். அது மாட்டின் வயிற்றுக்குப் போய், அதிலுள்ள எச்சம் பாற்கொழுப்பின் வழியே நம்மிடமே திரும்பக்கூடும்.

மீட்பு வீதமும், அளந்தறியக்கூடிய மிகக் குறைந்த அளவும் ஒவ்வோர் அறிக்கையிலும் இடம்பெறட்டும். அவ்வறிக்கைகளைக் கமநல சேவை நிலையங்களிலே தமிழில் ஒட்டிவைத்தால், மருந்தடிக்கும் கமக்காரரும் எண்ணெய் ஆட்டுபவரும் நேரடியாக வாசித்து அறிந்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
வன்னியிலிருந்து ஒரு நுகர்வோர்