பினாயில் வண்டிக்கார அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம் அண்ணே, வணக்கம் அக்கா.

டிவிஎஸ் எக்ஸெல் பின்னாடி கேனைக் கட்டிக்கிட்டு, இல்லைனா மூணு சக்கர வண்டியில ஸ்பீக்கரை வெச்சு "பினாயில், ஆசிட், சோப் ஆயில், ப்ளீச்சிங் பவுடர்"னு தெருத்தெருவா வர்ற உங்க எல்லாருக்கும்தான் இந்த லெட்டர். உங்க பொழப்பைக் கெடுக்க எழுதல, அதை முதல்லயே சொல்லிர்றேன். பத்து வருஷமா உங்ககிட்டதான் வாங்குறேன், கடையில விக்கிற கம்பெனி சாமான் விலைக்கு மாசாமாசம் வாங்க எங்க தெருவுல பாதிப் பேருக்கு முடியாது. நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். அதை தண்ணி பாட்டில்ல ஊத்திக் குடுக்காதீங்க.

போன கோடை லீவுக்கு எங்க அக்கா புள்ளைங்களோட மதுரைக்கு, எங்க வீட்டுக்கு வந்திருந்தா. சின்னவனுக்கு அப்ப ரெண்டு வயசு முடியல. தானா பாட்டில் மூடியைத் திருகித் திறந்து தண்ணி குடிக்கிறான்னு முந்தின நாள்தான் வீடே சேர்ந்து கை தட்டுனோம். மறுநாள் மத்தியானம் எல்லாரும் சாப்ட்டு அசந்து கிடந்த நேரம், பாத்ரூம் வாசல்ல வாளிக்குப் பின்னாடி இருந்த ஒரு லிட்டர் பாட்டிலை ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சுத் தூக்கிட்டு வந்து, நடு ஹால்ல உக்காந்து குடிச்சிருக்கான். வெள்ளைப் பினாயில். பாக்க அப்படியே பால் மாதிரி இருக்கும்ல. பைன் ஆயில் தண்ணியோட கலந்தா அப்படித்தான் வெள்ளையாயிரும்னு பின்னாடிதான் தெரிஞ்சுக்கிட்டேன். ஒரு இருமல் சத்தம், அப்புறம் வீடு பூரா அந்த வாடை.

எங்க அம்மா பதறிப்போயி உப்புத் தண்ணியைக் கரைச்சுக் கொண்டு வந்துட்டாங்க, வாந்தி எடுக்க வெச்சிரலாம்னு. அந்தக் காலத்துலேர்ந்து எல்லாரும் சொல்றதுதானே. பக்கத்து வீட்டு நர்ஸக்கா ஓடி வந்து டம்ளரைப் புடுங்குனாங்க, இல்லைனா என்ன ஆயிருக்குமோ. பினாயில், மண்ணெண்ணெய் மாதிரி எண்ணெய் ஐட்டம் உள்ள போறதை விட திரும்ப வெளிய வர்றதுதான் ஆபத்து, வாந்தியில வரும்போது நுரையீரலுக்குள்ள எறங்கிரும். ஆசிட், இல்லைனா அடைப்பு எடுக்கப் போடுற காஸ்டிக் சோடாவா இருந்தா போகும்போது சுட்ட தொண்டையை வரும்போது இன்னொரு தடவை சுடும். அதனால உப்புத் தண்ணி, முட்டை, எலுமிச்சை எதுவும் ஆகாது, வாய்க்குள்ள விரல் விடவே கூடாது. வாயைத் துடைச்சு, முழிப்பா இருந்தா கொப்பளிக்க வெச்சு, மேல சிந்துன துணியைக் கழட்டிட்டு நேரா ஆஸ்பத்திரிதான், இல்லைனா 108. கண்ணுல பட்டிருந்தா மட்டும் குழாய்த் தண்ணியில கால் மணி நேரமாச்சும் கழுவணும்.

ஆஸ்பத்திரியில நடந்ததுதான் இன்னும் என் கண்ணுக்குள்ள நிக்குது. டூட்டி டாக்டர் புள்ளையைப் பாத்துக்கிட்டே "என்ன குடிச்சான், பாட்டிலைக் கொண்டு வந்தீங்களா"ன்னு கேட்டாரு. நாங்க பெருமையா பாட்டிலை நீட்டுனோம், மறக்காம எடுத்துட்டு வந்துட்டோம்னு. அவர் அதை வாங்கி ஒரு சுத்து திருப்பிப் படிச்சாரு. என்ன எழுதியிருந்துச்சு தெரியுமாண்ணே? குடிதண்ணி, ஒரு லிட்டர், ஐஎஸ்ஐ முத்திரை, கீழ ஒரு நீல மலை படம். அவ்ளோதான். மூடியைத் திறந்து மோந்து பாத்துட்டு "இதுல என்னம்மா கலந்திருக்கு"ன்னு கேட்டாரு, எங்க ஒருத்தருக்கும் பதில் இல்ல. வாங்குன எங்களுக்கும் தெரியாது, ஊத்திக் குடுத்த அண்ணனுக்கும் தெரிஞ்சிருக்காதுன்னுதான் நினைக்கிறேன், அவரும் யார்கிட்டயோ கேன்ல வாங்கிட்டு வர்றவருதானே. வைத்தியம் பாக்குறவருக்கு உள்ள இருக்கிறது ஆசிட்டா காஸ்டிக்கா எண்ணெயான்னு தெரியணும், ஒவ்வொண்ணுக்கும் பாக்குற விதம் வேற. அவர் கையில இருந்ததோ ஒரு தண்ணி லேபிள்.

ரெண்டு நாள் வெச்சுப் பாத்தாங்க. எக்ஸ்ரே எடுத்தாங்க, ராத்திரி பூரா மூச்சை எண்ணிக்கிட்டே உக்காந்திருந்தா எங்க அக்கா. புள்ளை பொழைச்சுட்டான், இப்ப நல்லா ஓடியாடுறான். குடிச்சது ரெண்டு மூணு மடக்குதான், அதுவும் ஆசிட் இல்ல. ஆசிட்டா இருந்திருந்தா இந்த லெட்டரை எழுத எனக்குக் கை வந்திருக்காது.

பாட்டிலை மேல வெச்சிருக்கணும், அது எங்க தப்புதான், அதை யார் தலையிலயும் போடல. இப்ப எல்லாம் லாஃப்ட்லதான் இருக்கு. ஆனா யோசிச்சுப் பாருங்கண்ணே, ஒன்றரை வயசு ரெண்டு வயசுப் புள்ளைக்கு எழுத்து தெரியாது, மண்டையோட்டுப் படமும் புரியாது. அதுக்குத் தெரிஞ்சது பாட்டில் ஒண்ணுதான். இந்த சைஸ்ல, இந்த மூடி போட்டு இருந்தா குடிக்கலாம்னு நாமதான் தினம் பத்து தடவை ஊட்டி ஊட்டிப் பழக்கிருக்கோம். அந்தப் புள்ளை சொன்ன பேச்சைக் கேட்டுருக்கு, வேற ஒண்ணும் பண்ணல.

இது நம்ம ஊர் கதை மட்டும் இல்ல. அமெரிக்காவுல செவாலியே ஜாக்சன்னு ஒரு தொண்டை டாக்டர் இருந்தாரு. அங்க அப்பல்லாம் வீட்டுக்கு வீடு காஸ்டிக் சோடா வாங்கி வெச்சிருப்பாங்க. அதை சர்க்கரைன்னு, பால்னு நினைச்சு முழுங்குன புள்ளைங்களுக்கு உணவுக் குழாய் வெந்து சுருங்கிப்போயி பச்சத் தண்ணி கூட எறங்காம அவர்கிட்ட தூக்கிட்டு வருவாங்களாம். எத்தனை புள்ளைங்களுக்குத்தான் குழாய் விட்டு விட்டு விரிக்கிறதுன்னு, பொட்டலத்து மேல விஷம்னு எழுதணும்னு வருஷக்கணக்கா சட்டசபை சட்டசபையா அலைஞ்சு, 1927ல நாடு பூராவுக்கும் சட்டமே கொண்டு வர வெச்சாரு. அப்புறம் 1970ல புள்ளைங்க திறக்க முடியாத மூடி போடணும்னு இன்னொரு சட்டம். அந்த மூடியை எப்படி சோதிக்கிறாங்கன்னா, மூன்றரை நாலு வயசுப் புள்ளைங்க கையிலயே குடுத்துத் திறக்கச் சொல்றாங்க, பெரும்பாலான புள்ளைங்களால முடியலைன்னாதான் பாஸ். நம்ம தண்ணி பாட்டில் மூடியை எங்க வீட்டு ரெண்டு வயசு திறந்துட்டான்.

ஆசிட்டுக்கு நம்ம நாட்டுலயும் 2013ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, ரிஜிஸ்டர் போடணும், அடையாள அட்டை பாக்கணும், 18 வயசுக்குக் கீழ இருந்தா குடுக்கக்கூடாதுன்னு. அது பொண்ணுங்க மூஞ்சியில ஊத்துற பாவிங்களைத் தடுக்க வந்தது. வாங்கி வீட்டுக்குள்ள கொண்டு வந்த அப்புறம் அது எந்த பாட்டில்ல இருக்குங்கிறது உங்க கையிலயும் எங்க கையிலயும்தான் இருக்கு.

எங்க ஏரியா அண்ணன்கிட்ட இதைச் சொன்னேன். பாவம், கேட்டுட்டு அப்படியே வண்டியைப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டாரு. "பழைய இரும்புக் கடையில பாட்டில் சல்லிசா கிடைக்குதும்மா, புதுக் கேனுக்கு நான் எங்க போவேன்"ன்னாரு. நியாயம்தான். அதனாலதான் கேக்குறேன், நீங்க பாட்டிலே குடுக்காதீங்க. கேன் கொண்டு வந்தாதான் ஊத்துவேன்னு சொல்லிருங்க. எண்ணெய்க்குத் தூக்கு கொண்டு போன ஜனம்தானே நாம. உள்ள இருக்கிறது வெளிய தெரியாத கெட்டிக் கேன், நீலமோ கருப்போ, அதுதான் வேணும்; ஜூஸ் பாட்டில் எண்ணெய் பாட்டில் மாதிரி எதுவும் வேணாம். ஊத்துனதும் மார்க்கரால "பினாயில், விஷம்"னு பெருசா எழுதிருங்க, பக்கத்துலயே உங்க செல் நம்பர். நீங்க கேன் எடுக்குற இடத்துல உள்ள என்ன கலக்குறாங்கன்னு ஒரு தடவை கேட்டு அதையும் ஒரு வரி எழுதுங்க, டாக்டர் கேட்டா சொல்ல ஒரு பேராவது இருக்கும். ரெண்டு ரூபா கூடக் கேட்டாலும் நாங்க குடுப்போம்.

இன்னொண்ணும் இருக்கு. ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒரே வீட்டுக்குக் குடுக்கும்போது ரெண்டையும் சேத்து ஊத்தாதீங்கன்னு வாயால ஒரு வார்த்தை சொல்லிருங்க. குளோரின் கேஸ் வரும், கதவு சாத்துன பாத்ரூம்ல பெரியவங்களுக்கே மூச்சு அடைச்சிரும். நிறைய பேர் இன்னும் நல்லா வெளுக்கும்னு சேத்துதான் ஊத்துறாங்க.

டெல்லி எய்ம்ஸ்ல விஷத் தகவல் மையம் ஒண்ணு 24 மணி நேரமும் இருக்கு, 1800 116 117, காசு கிடையாது. அந்த நம்பரையும் உங்க வண்டியில எழுதிப் போட்டா தெருத்தெருவா போய்ச் சேரும்.

ஞாயித்துக்கிழமை நீங்க எங்க தெருவுக்கு வரும்போது பச்சை கேட் வீட்டு வாசல்ல அஞ்சு லிட்டர் நீலக் கேன் ஒண்ணு கழுவிக் கவுத்து வெச்சிருப்பேன். பக்கத்து நாலு வீட்டுலயும் சொல்லியிருக்கேன், அவங்க கேனும் அங்கயேதான் இருக்கும். எழுத மார்க்கர் நான் தர்றேன்.

இப்படிக்கு,
அந்தப் புள்ளையோட சித்தி