மொத்தமாகப் பேசியதில் போன வேம்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலத்துக்கு முன்னால் வீட்டைச் சுற்றியுள்ள கிளைகளையும் புதர்களையும் வெட்டிவிடுங்கள் என்று வருடா வருடம் அறிவிப்பு வருகிறது. வெட்ட வேண்டியதுதான். ஆனால் வெட்ட வரும் ஆளிடம் எப்படிப் பேச வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. அதில் நான் பட்டதை எழுதுகிறேன்.

மானாமதுரைப் பக்கம் எங்கள் பூர்வீக வீடு. அம்மா போன பிறகு ஐந்து வருடம் பூட்டிக் கிடந்தது. கொல்லை முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டி, கிணற்றடிக்குப் போகக்கூட வழியில்லை. நான் திருச்சியில் இருப்பதால் போனிலேயே ஒருவரிடம் மொத்தமாகப் பேசி முடித்தேன். 14,000 ரூபாய், வெட்டுகிற விறகும் அவருக்கே. கிணற்றடி வேம்பை மட்டும் தொட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

வேலை ஆரம்பித்த மறுநாள் மதியம் போய் இறங்கினால், வேம்பு துண்டு துண்டாக வண்டியில் ஏறிக் கிடக்கிறது. கடைசிக் காலத்தில் அம்மா கட்டில் போட்டுப் படுத்திருந்தது அந்த நிழலில்தான். கருவேலத்தையோ முழங்கால் உயரத்துக்குத் தூரை விட்டுவிட்டு அறுத்திருந்தார்கள். அப்படி அறுத்தால் தூரிலிருந்து நாலு பக்கமும் கொப்பு வெடிக்கும்; அடுத்த மழைக்கே பழையபடி புதர்தான். மண்ணுக்குள் தோண்டி வேர்க்கட்டையோடு எடுத்தால்தான் அது ஒழியும். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபோது எங்கள் பக்கம் ஊர் ஊராகக் கருவேலம் அகற்றினார்கள். மேலோடு அறுத்துவிட்டுப் போன இடங்களில் இன்றைக்கு ஆள் உயரத்துக்கு மேல் முள் நிற்கிறது.

அப்புறம் பார்த்ததுதான் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. வாசல் வாகையில் இருபது வயதுகூட இருக்காத ஒரு பையன், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, இடுப்பில் கயிறு இல்லாமல், கையில் மெஷின் ரம்பத்தோடு நின்றான். அவன் அறுத்துக்கொண்டிருந்த கிளைக்கும் கரண்டு கம்பிக்கும் ஒரு சாண் இடைவெளி. லைன்மேனிடம் யாரும் சொல்லவில்லை. பதறிப்போய் இறங்கச் சொன்னேன். "சீக்கிரம் முடிச்சாத்தானண்ணே அடுத்த வேலைக்குப் போகலாம்" என்றான்.

அந்த ஒரு பேச்சில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மொத்தமாகப் பேசினால் வேகம்தான் கூலி. தூர் தோண்ட நேரமாகும், கருவேலங்கட்டை கரிமூட்டத்துக்குத்தான் போகும். வேம்போ மரமாக விலை போகும். விறகையும் கூலியில் சேர்த்து அவர்கள் கையை அந்தப் பக்கம் திருப்பிவிட்டவன் நான்தான். அவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

மிச்ச வேலையை நாள் கூலிக்குப் பேசினேன். விறகுக்குத் தனியாக விலை போட்டோம். லைன்மேன் வந்து லைனை நிறுத்திய பிறகே பையன் மறுபடி ஏறினான், இடுப்பில் கயிற்றோடு. விட வேண்டிய பூவரசிலும் முருங்கையிலும் சுண்ணாம்பால் பட்டை போட்டோம். தூர்களைத் தோண்ட ஜேசிபியை மணிக் கணக்கில் வரவழைத்தேன். புதரை வீட்டுச் சுவர்ப் பக்கமிருந்து வெளியே பார்த்து வெட்டிக்கொண்டு போகச் சொன்னார் பக்கத்து வீட்டுப் பெரியவர். பாம்பு இருந்தால் வயல் பக்கம் போய்விடுமாம். அப்படியே ஒரு சாரை வேலியைத் தாண்டிப் போனது. பேசியதைவிட 6,000 ரூபாய் கூடுதலாக ஆனது. முதலிலேயே இப்படிப் பேசியிருந்தால் வேம்பு நின்றிருக்கும்.

ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டை வெளியூரிலிருந்து சுத்தம் செய்யச் சொல்லும் வாசகர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். தயவுசெய்து போனில் முடித்துவிடாதீர்கள். லீவு போட்டாவது கூட நில்லுங்கள்.

போன வாரம் போயிருந்தபோது வேம்பின் தூரில் இரண்டு துளிர் விட்டிருந்தது. ஆடு கடிக்காமலிருக்க, வெட்டிப் போட்ட கருவேல முள்ளையே சுற்றி அடைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி