பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி வீட்டுக்குப் பின்னாடி போய் பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க. சீசன் வந்தாலே நீலகிரியில வீடு விற்பனைக்குன்னு நிறைய விளம்பரம் வருது, அத பாத்துட்டுதான் எழுதறேன். குன்னூர்ல எங்க அப்பா வாங்கின பழைய வீட்ட போன வருஷம் நானும் அண்ணனும் வித்தோம். தரகர் வந்ததும், பின் ரூம் சுவத்துல ஈரம் ஏறிருக்கு, பட்டி பாத்து பெயின்ட் அடிச்சிருங்க, வெயில்ல ஆள கூட்டிட்டு வந்தா யாருக்கும் தெரியாதுன்னாரு. நாங்களும் கேட்டு அடிச்சோம், அது தப்புதான். கோடை மழை ரெண்டு பெஞ்சதும் பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பிருச்சு, உரிச்சு பாத்தா உள்ள வெள்ளையா உப்பு பூத்து நிக்குது.

அப்புறம் வயசான கொத்தனார் ஒருத்தர கூப்பிட்டோம், அவரு சுவத்த தொடவே இல்லைங்க, நேரா வீட்டுக்குப் பின்னாடி போனாரு. மேட்ட வெட்டி சமன் பண்ணி கட்டின வீடு, மேல இருந்து மண்ணு சரிஞ்சு சரிஞ்சு சுவத்து மேல ஒரு அடிக்கு ஏறி கெடக்கு, கால்வாய் இருந்த எடமே தெரியல, தடுப்புச் சுவத்துல தண்ணி வடிய விட்ட ஓட்டை எல்லாம் வேர் அடைச்சிருச்சு. தண்ணிக்கு வழி இல்லைன்னா அது வீட்டுக்குள்ளதானே வரும், இல்ல தடுப்புச் சுவத்தையே தள்ளிரும். 2009 நவம்பர் மண்சரிவ பாத்தவங்களுக்கு இத நான் சொல்லவே வேண்டாம். மண்ண அள்ளி, ஓட்டைய குத்தி விட்டு, கால்வாய்க்கு வாட்டம் வச்சாரு. எப்பவோ யாரோ பூசின சிமென்ட்ட கொத்தி எடுத்துட்டு சுண்ணாம்பு பூசினாரு, பழைய சுவத்துக்கு அதுதான் ஈரத்த வெளிய விடும், சிமென்ட் உள்ளயே பூட்டி வச்சிரும்னாரு.

பத்திர வேலையும் அப்பவே ஆரம்பிச்சிரணும். பட்டா அப்பா பேர்லயே இருந்துச்சு, வாரிசு சான்று வாங்கி பேர் மாத்தறதுக்குள்ள அலைச்சல்தான். வில்லங்கம் பதிவுத்துறை இணையதளத்துலயே பாத்துக்கலாம்.

முக்கியமா இன்னொன்னு. வாங்கறவங்க சாதாரணமா பாத்தா கண்டுபிடிக்க முடியாத குறைய விக்கிறவங்க சொல்லியே ஆகணும்னு 1882ம் வருஷ சொத்து மாற்றுச் சட்டம் 55வது பிரிவுலயே இருக்குங்க. பெயின்ட்ட போட்டு மூடறது சாமர்த்தியம்னு நெனைக்கிறவங்க அத ஒருதடவ படிக்கணும். வாழ்நாள் சேமிப்ப கொட்டி வாங்கறாங்க, கைக்குழந்தைய வச்சிக்கிட்டு அந்த ரூம்லதான் படுப்பாங்க, பூசணம் பூத்த சுவத்துக்கு பக்கத்துல படுத்தா இருமலும் இளைப்பும் வராதா?

நாங்க ஐப்பசி மழைலதான் வீட்ட காட்டினோம். குன்னூர் கோத்தகிரி பக்கம் வடகிழக்கு மழைதானே ஜாஸ்தி, கூடலூர் பக்கம்னா ஆடியில காட்டணும். ஈரம் இருந்தத, சரி பண்ணத, பின் பக்கத்த எல்லாம் மறைக்காம காட்டினோம். தரகர் சொன்ன விலைய விட கொஞ்சம் கம்மியாத்தான் போச்சு, அதுல எங்களுக்கு வருத்தம் இல்லைங்க.

வீட்டு விளம்பரம் போடற பக்கத்துலயே, வாங்க வர்றவங்க வீட்டுக்குப் பின்னாடி என்னென்ன பாக்கணும்னு ஒரு சின்ன கட்டம் கட்டி போட்டீங்கன்னா புண்ணியமா போகும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, குன்னூர்