புகார்: ஜூலை மாதக் கோகர்ணம் பயணம், வராத படகு, திருப்பித் தர வேண்டிய பணம்

பயண நிறுவன மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம்ங்க. ஜூலை மாதம் ஈரோட்டிலிருந்து உங்கள் வேனில் கர்நாடகக் கடலோரத்தில் இருக்கும் கோகர்ணம் போன குழுவில் பெருந்துறையிலிருந்து நாங்கள் குடும்பமாக வந்திருந்தோம். போனில் சொன்னபோது "பார்க்கிறோம் சார்" என்றதோடு சரி, அதற்கு மேல் ஒரு பதிலும் வரவில்லை. அதனால்தான் எழுத்தில் தருகிறேன்.

உங்கள் விளம்பரத்தில் இருந்தது இதுதான்: ஓம் கடற்கரையிலிருந்து ஹாஃப் மூன் கடற்கரைக்கு எளிய நடை, எல்லா வயதினருக்கும் ஏற்றது, திரும்பும்போது படகு. அந்தப் படகை நம்பித்தான் 62 வயது அம்மாவைக் கூட்டி வந்தோம். இறக்கத்தில் மெதுவாகப் பிடித்து இறங்கிவிடலாம், ஏறுவதுதான் அவருக்கு முடியாது என்று புக் செய்யும்போதே சொன்னேன். உங்கள் ஆபீஸில் இருந்தவர் "படகு கண்டிப்பா உண்டுங்க" என்ற பிறகுதான் பணம் கட்டினேன்.

ஹாஃப் மூனுக்கு ரோடு கிடையாது, நடக்க வேண்டும் அல்லது படகில் போக வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் மழைக்காலத்தில் அந்தப் பாதை எப்படி இருக்கும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? ஆனி ஆடியில் நமக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் கொஞ்சம் சாரலும்தான். கோயமுத்தூர் பக்கம் வருஷம் முழுக்க 600, 700 மில்லிமீட்டர் பெய்கிறது என்றால் அந்தக் கடலோரத்தில் 3,000 மில்லிமீட்டருக்கு மேல், அதிலும் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். இதைச் சொல்ல வேண்டியது கூட்டிப் போகிற நீங்கள்.

மேலே மரத்தடியில் நடக்கும்வரை பரவாயில்லை. கடற்கரைக்கு இறங்குகிற சரிவில் செம்பாறை முழுக்கப் பாசி, பாறை இல்லாத இடமெல்லாம் செஞ்சேறு. கீழ்பவானி வாய்க்கால் படித்துறையில் பாசிக் கல்லை மிதித்த மாதிரிதான், ஆனால் இங்கே வழுக்கினால் பக்கத்தில் பாறைச் சரிவு, கீழே அலை. ஷூவின் அடியில் சேறு அப்பிக்கொண்டு பிடிமானமே இல்லை. அம்மா ஒரு மர வேரைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு அடியாக நகர்ந்தார். வேர் கையோடு பிய்ந்து வந்தபோது ஒரு ஆள் உயரத்துக்குச் சறுக்கிப் போய் ஒரு பாறையில் முட்டி நின்றார். மணிக்கட்டு வீங்கிவிட்டது. முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே பஞ்சும் காலாவதியான களிம்பும்தான், சுற்றிக் கட்ட ஒரு பேண்டேஜ் துணிகூட இல்லை.

கீழே போய்ச் சேர்ந்த பிறகுதான் படகு வராது என்று தெரிந்தது. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகில் மீன்பிடிக்கவே தடை. அது மீன்வளத்துக்கான தடை என்றாலும் கடலும் அப்போது கொந்தளித்துத்தான் கிடக்கும், அந்த அலையில் சுற்றுலாப் படகை யார் இறக்குவார்கள்? இந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை. தெரிந்தே படகுக்கும் சேர்த்துப் பணம் வாங்கியிருக்கிறீர்கள் என்றுதான் சொல்வேன். வீங்கிய கையோடு அம்மா அதே சேற்றில் திரும்ப ஏறினார்.

வழிகாட்டியாக வந்த தம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. படகு வரும் என்று சொல்லித்தான் அவரையும் அனுப்பியிருக்கிறீர்கள். வேன் நிறைய ஆட்களுக்கு அவர் ஒருவர், கையில் ஒரு கயிறுகூடக் கிடையாது. அம்மாவுக்கு ஒவ்வொரு படியிலும் தன் காலை முட்டுக்கொடுத்து மேலே ஏற்றியவர் அவர்தான். இந்தப் புகாரைக் காட்டி அவர் சம்பளத்தில் கை வைக்காதீர்கள்.

எங்களுக்கு வேண்டியது, எங்கள் நால்வருக்கும் வாங்கிய படகுக் கட்டணமும் அந்த நாள் நடைக்கான பணமும் முழுசாகத் திரும்ப வர வேண்டும், அம்மாவின் எக்ஸ்ரே, மருத்துவச் செலவையும் நீங்கள்தான் ஏற்க வேண்டும். பில் எல்லாம் இணைத்திருக்கிறேன். அப்புறம் அந்த விளம்பரத்தை உடனே எடுங்கள். இன்னும் அதே "எல்லா வயதினருக்கும்" என்ற வார்த்தையோடு ஆகஸ்ட் பயணத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறீர்கள், அதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கோபம் அதிகமானது. மழை முடியும்வரை அந்த இறக்கத்துக்கு வயதானவர்களையும் குழந்தைகளையும் கூட்டிப் போகாதீர்கள்.

15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்துவிட்டு, ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நாங்கள் கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் கட்டிய ரசீது, உங்கள் ஆபீஸிலிருந்து படகு உண்டு என்று வந்த வாட்ஸ்அப் செய்தி மூன்றும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

இப்படிக்கு,
ஜூலைக் குழுவில் வந்த பெருந்துறைப் பயணி