பொருள்: சுரங்க அவசரத் தொடர்பு செட் இரண்டு மாதமாக வேலை செய்யாதது பற்றி

மதிப்பிற்குரிய சர்வீஸ் மேலாளர் ஐயாவுக்கு,

வணக்கம். ஆங்கிலத்தில் ஆறு மெயில் அனுப்பினேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. நீங்கள் தமிழர் என்று உங்கள் பீன்யா ஆபீஸ் வாட்ச்மேன் சொன்னார். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

பாறை வழியாகவே எழுத்துச் செய்தி அனுப்பும் என்று உங்களிடம் வாங்கிய செட் இது. மேலே தரையில் லூப் கேபிளை (வளையமாக விரிக்கும் ஆன்டெனா கம்பியை) விரித்து, கீழே 180 மீட்டரில் ஆளை நிறுத்தி 'டெஸ்ட்' என்று அனுப்பினால் மஞ்சள் விளக்கு மினுங்குகிறது, ஓர் எழுத்துகூட மேலே வருவதில்லை. மின் இடைஞ்சலாக இருக்குமோ என்று பம்பையும் ஃபேனையும் நிறுத்திப் பார்த்தும் அதே கதைதான். 300 மீட்டர் பாறையைத் தாண்டும் என்று விற்றது நீங்கள்தானே?

உங்கள் கஸ்டமர் கேர் ஆள் என்ன சொன்னார் தெரியுமா? "செட்டை வெளிய எடுத்துட்டு வந்து பேசிப் பாருங்க சார், சிக்னல் கிடைக்கும்." கூரை சரிந்து வழி அடைத்துக் கிடக்கும்போது எப்படி ஐயா வெளியே வருவது? வர முடிந்தால் இந்த செட் எதற்கு? இதைக் கேட்டதும் "கத்தாதீங்க" என்று போனை வைத்துவிட்டார். வாக்கி டாக்கி பாறைக்குள் எடுக்காது, கூரை விழுந்தால் லீக்கி ஃபீடர் கேபிளும் (சுரங்கம் நெடுக ஓடி ரேடியோ சிக்னலைக் கசியவிடும் கேபிள்) அறுந்துவிடும் என்றுதான் உங்களிடம் வந்தோம். 2006-இல் அமெரிக்காவின் சாகோ சுரங்கத்தில் 12 பேர் இறந்த பிறகு, சுரங்கத்தில் அவசரத் தொடர்பு வசதி வேண்டும் என்று அங்கே சட்டமே போட்டார்கள். அதை உங்கள் பிரசுரத்தில் முதல் பக்கத்தில் அச்சடித்திருக்கிறீர்கள். அந்த கஸ்டமர் கேர் ஆளுக்கு அதைப் படிக்கக் கொடுக்கவில்லையா?

அந்த போனுக்கு முந்தைய வாரம் அல்சூரிலிருந்து ஆட்டோவில், மடியில் செட்டை வைத்துக்கொண்டு பீன்யா வந்தேன். வரச் சொன்ன இன்ஜினியர் லீவாம். மூன்று மணி வரை படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டு, வந்த மாதிரியே திரும்பினேன்.

என் அப்பா தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இருந்தவர். உள்ளே அழுத்தம் தாங்காமல் பாறை தானாக வெடித்த நாட்களில், ஆட்களை ஏற்றி வரும் கூண்டு மேலே வரும்வரை அவர் உயிரோடு இருக்கிறாரா என்றே அம்மாவுக்குத் தெரியாது. என் ஆட்கள் வீட்டுப் பெண்களுக்கு அந்த நிலை வரக்கூடாது. செட் சரியாகாமல் இறங்க மாட்டோம் என்கிறார்கள், அது நியாயம்தான். ஷிஃப்ட் நின்று, கான்ட்ராக்டே கைவிட்டுப் போகும் நிலை. இருபது லட்சமாவது நஷ்டம், என் பிழைப்பே போச்சு.

தயவுசெய்து வெள்ளிக்கிழமைக்குள் ஆள் அனுப்புங்கள். இல்லையென்றால் தன்பாத் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்துக்குப் புகார் போகும், வக்கீல் நோட்டீஸும் வரும். வருகிறவர் மேலேயே நின்று பார்த்துவிட்டுப் போகக்கூடாது. என் ஆட்களோடு கீழே இறங்கி, அங்கிருந்து அவர் அனுப்பும் செய்தி மேலே வந்த பிறகுதான் சர்வீஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவேன்.

இப்படிக்கு,
சுரங்கப் பணி ஒப்பந்தக்காரர், அல்சூர், பெங்களூரு