அவள் வெளியே போகவில்லை, உள்ளேதான் இருந்தாள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பிதழில் வெயிலும் கர்ப்பிணிகளும் பற்றி அரைப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. சென்னை ராமச்சந்திரா நிறுவனத்து ஆய்வாளர்கள் 2017 முதல் 2022 வரை தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அதிக வெப்பத்தில் வேலை செய்தவர்கள். கரு கலைவதும் குழந்தை இறந்து பிறப்பதும் அவர்களுக்கு இரண்டு மடங்கு என்று தெரியவந்ததாக எழுதியிருந்தீர்கள். நல்ல கட்டுரை. வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். கடைசி வரிதான் தொண்டையில் சிக்கிக்கொண்டது. கர்ப்பிணிகள் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே செல்வதைத் தவிர்க்க வேண்டுமாம்.

யாருக்குச் சொல்கிறீர்கள் ஐயா?

நான் கடலூர் மாவட்டத்தில் 29 வருஷம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் பெரும்பகுதி பண்ருட்டிப் பக்கம். முந்திரிக்கொட்டை எப்படிப் பருப்பாகிறது என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தீபாவளிக்குத் தீபாவளி முந்திரி விலை போடுகிறவர்கள் நீங்கள். ஆனால் உங்கள் செய்தியாளர் ஒரு கொட்டகைக்குள்ளும் கால் வைத்ததில்லை என்று அந்த ஒரு வரியே காட்டிக்கொடுத்துவிட்டது.

தகரக் கூரை. ஒரு பக்கம் கொட்டை வறுக்கிற டிரம். உடைத்த ஓட்டையே அடுப்பில் போட்டு எரிப்பார்கள், புகை கண்ணைக் கரிக்கும். இன்னொரு பக்கம் பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு, கட்டையால் தட்டித் தட்டி ஓட்டை உடைப்பார்கள். ஓட்டுப் பால் பட்ட விரல் வெந்து தோல் உரியும். ஃபேன் இருக்கும், போடமாட்டார்கள், சாம்பல் பறக்குமாம். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. எழுந்து நின்றால் கூலியும் நின்றுவிடும்.

2014 மே மாதம், கத்திரி நேரம். 23 வயதுப் பெண், இரண்டாவது கர்ப்பம், ஐந்தாம் மாதம். தடுப்பூசி நாளில் வரவில்லையே என்று அவள் வேலை செய்த முந்திரிக் கம்பெனிக்கே தேடிப்போனேன். தோளில் தடுப்பூசிப் பெட்டி, உள்ளே நான்கு ஐஸ் பேக். அவளோடு கால் மணி நேரம் நின்று பேசியிருப்பேன். அவ்வளவு நேரமும் எனக்குப் பயமெல்லாம் பெட்டியைப் பற்றித்தான். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். தாண்டிவிட்டால் எனக்கு மெமோ வரும். அந்தப் பெண் எத்தனை டிகிரியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று எழுத எந்தப் பதிவேட்டிலும் ஒரு கட்டம் கிடையாது. எனக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஊசி போட்டேன், சத்து மாத்திரை கொடுத்தேன், கீரை சாப்பிடு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பத்து நாளில் கலைந்துவிட்டது.

மாமியார் சொன்னது: "அது சூட்டு உடம்பு நர்ஸம்மா. சொல்லச் சொல்லப் பப்பாளி தின்னா." டாக்டர் ரத்தம் கம்மி என்றார். நானும் காரணம் என்ற இடத்தில் ரத்தசோகை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் சர்வீஸில் இப்படி எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று இப்போது உட்கார்ந்து எண்ணிப் பார்க்கிறேன். பப்பாளிக்கு விழுந்த திட்டில் பாதிகூட அந்த டிரம்முக்கு விழுந்ததில்லை. மாமியாராவது சூடு என்ற வார்த்தையைச் சொன்னார். படித்த நாங்கள் அதையும் சொல்லவில்லை.

அவள் 12 மணிக்கும் வெளியே போகவில்லை, 3 மணிக்கும் போகவில்லை. உள்ளேதான் இருந்தாள். அந்த மூன்று மணி நேரம் அவளை யாராவது வெளியே விட்டிருந்தால் மரத்தடியில் உட்கார்ந்து நாலு வாய் தண்ணீராவது குடித்திருப்பாள். மரம் என்றதும் ஞாபகம் வருகிறது, 2011 டிசம்பர் 30இல் அடித்த 'தானே' புயலில் எங்கள் பக்கம் முந்திரியும் பலாவும் சாய்ந்து கிடந்ததை நீங்களே பக்கம் பக்கமாகப் போட்டீர்கள். நஷ்டஈட்டுக் கணக்கெல்லாம் வந்தது. அந்த நிழலில் சோறு உண்டவர்கள் அப்புறம் எங்கே போய் உட்கார்ந்தார்கள் என்று ஒருவரும் எழுதவில்லை. தண்ணீரும் அப்படித்தான். குடிக்கச் சொல்லி எல்லோரும் அறிவுரை சொல்கிறோம். முப்பது பெண்கள் வேலை செய்கிற இடத்தில் கக்கூஸ் இல்லையென்றால் எவள் தண்ணீர் குடிப்பாள்? காலையில் ஒரு சொம்பு, வீட்டுக்கு வந்து ஒரு சொம்பு. நீர்க்கடுப்பு என்று என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் இந்தக் கணக்குதான்.

இன்னொன்று. அந்த ஆய்வுக்காரர்கள் வெறும் தெர்மாமீட்டரை நம்பவில்லை. காற்றிலிருக்கும் ஈரம், அடுப்பும் வெயிலும் வீசும் அனல், காற்றோட்டம் எல்லாவற்றையும் சேர்த்து அளக்கிற கருவியை வேலை நடக்கும் இடத்துக்கே கொண்டுபோனார்கள். அந்தக் கணக்கில் கடினமான வேலைக்கு எல்லை 27.5 டிகிரிதான். இது நீங்கள் தினமும் போடும் டிகிரி இல்லை, வேறு கணக்கு. உங்கள் கட்டுரையில் அதற்கு ஒரு வரி இடம் கிடைக்கவில்லை. நுங்கின் நன்மைகளுக்கு ஒரு பெட்டி கிடைத்திருக்கிறது.

இதனால்தான் கடலூர் எப்போதும் ஏமாறுகிறது. வேலூரில் 41 டிகிரி என்றால் முதல் பக்கம். கடலூரில் 36 என்றால் மூலையில் ஒரு எண். கடற்கரை ஈரத்தில் வியர்வை காயாது, வியர்வை காயாமல் உடம்பு குளிராது. ஐந்தாம் வகுப்புப் பாடம் இது. வானிலைக்காரர்கள் விதிப்படி கடலோரத்தில் 37 டிகிரியாவது தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடினால்தான் வெப்ப அலை. 36இல் புழுங்கிச் செத்தால் அது சும்மா புழுக்கம். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசு அறிவித்தது, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். வரவேற்கிறேன். ஐந்தாம் மாதத்தில் போனதற்கு எந்த அலுவலகத்தில் மனு எழுதுவது என்று தெரிந்தால் உங்கள் கேள்வி-பதில் பகுதியில் போடுங்கள்.

கோபத்தில் நீட்டுகிறேன், மன்னிக்கவும். ஆனால் உங்கள் மேல் எனக்குப் பழைய பாக்கியும் உண்டு. 2015 வெள்ளத்தின்போது முகாமில் பிரசவித்தவர்களுக்கு என்ன தேவை என்று ஒரு கடிதம் எழுதினேன். மூன்று வரியாக வெட்டி, அதிலும் "செவிலியர்கள் கோரிக்கை" என்று தலைப்புப் போட்டீர்கள், நாங்கள் ஏதோ சம்பள உயர்வு கேட்டது போல. அதற்கு முன்னால் ஒருமுறை, தாலுகா பெயர்கூடச் சரியாகப் போடாமல், "செவிலியர் அலட்சியம்" என்று ஒரு செய்தி. மறுப்பு அனுப்பினோம். வந்ததா? அப்புறம் சிப்காட் தொழிற்பேட்டை நாற்றம் பற்றி எழுதினால் போராட்டம் நடந்த அன்றைக்கு எழுதுவீர்கள். நாற்றம் தினமும் இருந்தது. வருஷா வருஷம் கத்திரி பிறந்தால் சில்வர் பீச்சில் முகத்தில் துப்பட்டா கட்டிய கல்லூரிப் பெண்கள் படம். அது போன வருஷப் படமா இந்த வருஷப் படமா என்றுகூட எனக்குச் சந்தேகம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் கேட்பது சின்ன உதவி. வானிலைப் பெட்டியில் கடலூர், புதுச்சேரி என்று அதிகபட்ச டிகிரி போடுகிறீர்கள் அல்லவா, பக்கத்திலேயே ஈரப்பதத்தையும் இரவின் குறைந்தபட்ச வெப்பத்தையும் போடுங்கள். வானிலை நிலையத்தில் காலை 8.30, மாலை 5.30 இரண்டு வேளையும் எடுக்கிறார்கள், கேட்டால் கொடுப்பார்கள். எனக்குப் பின்னால் வந்த செவிலியர்கள் ஃபோனில் உங்கள் பத்திரிகையைத்தான் பார்க்கிறார்கள். பதிவேட்டில் கட்டம் இல்லாவிட்டாலும் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வார்கள்.

இந்தக் கடிதத்தையும் வெட்டுவதாக இருந்தால் என்னைப் பற்றியதை வெட்டுங்கள். டிரம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
கடலூர் மாவட்டம்.
(பெயர் போட வேண்டாம், அந்தக் கம்பெனியில் இப்போது என் உறவுக்காரப் பெண் வேலை செய்கிறாள்.)