தையல், ஆரி கலைஞர்கள் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தின் சகோதர சகோதரிகளே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான ஓராண்டில் நமது சங்கம் ஆற்றிய பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி செய்ய வேண்டிய வழக்கமான கடமைகள் நிறைவேற்றப்பட்டுள்ளன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆகவே, சென்ற பொதுக்குழு நம்மிடம் ஒப்படைத்த பெரும்பணியைப் பற்றியே இங்கு விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நம் கைத்தொழில் அறிவைத் துணி வெட்டும் அளவுப் படிவமாகவும் காணொளியாகவும் சிறு நூலாகவும் ஆக்கி இணையத்தில் விற்கக் கற்றுக்கொள்வதே அந்தப் பணி.

இதன் தேவையை இங்கு அமர்ந்திருக்கும் மூத்த உறுப்பினர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இருபது, முப்பது ஆண்டுகள் இயந்திரத்தில் குனிந்து தைத்தவர்களுக்கு இடுப்பும் கண்ணும் ஒத்துழைக்க மறுக்கும் காலம் வருகிறது. அப்போதும் கையிலுள்ள அறிவு குறைவதில்லை. அதை விற்கும் வழிதான் அடைபட்டுப் போகிறது. ஒரு ரவிக்கைக்குக் கூலி ஒரு முறைதான் கிடைக்கும். அந்த ரவிக்கையைப் பிசகில்லாமல் வெட்டும் படிவத்தை ஒரு முறை வரைந்து வைத்தால், அதை எத்தனை பேருக்கும் விற்கலாம். இந்த எண்ணத்தில்தான் வகுப்புகளைத் தொடங்கினோம். முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் தையல் வேலை தளர்ந்திருக்கும் என்பதால், அவ்விரு மாதங்களையே பயிற்சிக்குத் தேர்ந்தோம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் யாரையும் வகுப்புக்கு அழைப்பதில்லை என்ற முடிவு எல்லோருக்கும் உகந்ததாக இருந்தது.

என்ன செய்து விற்பது என்ற கேள்விதான் முதலில் எழுந்தது. 'அடிப்படை முதல் மணப்பெண் ரவிக்கை வரை' எல்லாவற்றையும் அடக்கிய முழுப் பயிற்சி ஒன்றைத் தயாரிக்க வேண்டும் என்றே பெரும்பாலான உறுப்பினர்கள் விரும்பினார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை என்பதை அன்றே சொன்னேன். இன்றும் அதே கருத்தில்தான் இருக்கிறேன். தைக்கத் தெரிந்த ஒருவர் பணம் கொடுத்து வாங்குவது தன்னால் தீர்க்க முடியாத ஒரு சிக்கலுக்கான விடையை. பின்கழுத்து ஆழமாக இறங்கும்போது தோள் நழுவாமல் வெட்டுவது எப்படி, கை பொருத்தும்போது அக்குளில் சுருக்கம் விழுவது ஏன், பிரின்சஸ் கட் ரவிக்கைக்கு லைனிங் துணியை எந்த அளவில் வெட்டுவது என்பன போன்ற கேள்விகள்தாம் நம் கடைகளுக்கு நாள்தோறும் வருகின்றன. அந்தக் கேள்விகளைத் தொகுத்து, ஒரு கேள்விக்கு ஒரு சிறு படைப்பு என்று வைத்துக்கொண்டோம். முழுப் பயிற்சியைத் தொடங்கியவர்களின் வேலை பாதியில் நிற்க, ஒரே சிக்கலை எடுத்துக்கொண்டவர்கள் தங்கள் படைப்பை முடித்துக் கையில் வைத்திருக்கிறார்கள்.

வெட்டுப் படிவங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே பதிவு செய்ய வேண்டும், ஏனென்றால் நம் உறுப்பினர்கள் அதிகம் கற்றுக்கொண்டது இங்கேதான். படிவத்தை ஏ4 தாள்களில் பிரித்து பிடிஎஃப் கோப்பாக அனுப்பினால், வாங்குபவர் அதை அருகிலுள்ள ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, தாள்களை ஒட்டிக்கொண்டு துணியில் வைத்து வெட்டுவார். அந்தக் கடையின் கணினியில் 'பக்கத்துக்குள் அடக்கு' என்ற அமைப்பு தானாகவே தேர்வாகியிருந்தால், படிவம் யாருக்கும் தெரியாமல் சற்றுச் சுருங்கிவிடும். நூற்றுக்கு மூன்று பங்கு சுருங்கினாலே 36 அங்குல மார்பளவு 35 அங்குலத்துக்கும் கீழே இறங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஓரங்குலத்தில் பட்டுத் துணி வீணாகிவிடும்; பழியோ படிவம் வரைந்தவர் மீது விழும். ஆகவே, ஒவ்வொரு படிவத்தின் முதல் தாளிலும் 2 அங்குல நீளமும் 2 அங்குல அகலமும் உள்ள சோதனைச் சதுரம் ஒன்றை வரைய வேண்டும், அதை அளவு நாடாவால் அளந்து பார்த்த பிறகே மற்றத் தாள்களை அச்செடுக்க வேண்டும் என்ற குறிப்பைத் தமிழில் பெரிய எழுத்தில் இட வேண்டும், தாள்கள் சேரும் இடங்களில் ஒட்டுக்குறிகளும் வேண்டும் என்று விதி வகுத்தோம். தையலுக்கு விடும் துணி படிவத்துக்குள் அடங்கியதா, வெளியே விட வேண்டியதா என்பதையும் எழுதியே ஆக வேண்டும். நம் கடையில் நமக்கு இது சொல்லாமலே தெரியும். வெளியூரில் முதன்முறையாக நம் படிவத்தைப் பிரிப்பவருக்குத் தெரியாது.

எழுத்துரு சம்பந்தமான சிக்கலும் நம்மைப் பெரிதும் அலைக்கழித்தது. அச்சகத்தில் தட்டச்சு செய்து வாங்கிய குறிப்புகள் பழைய எழுத்துரு முறைகளில் இருந்ததால், கைப்பேசியில் திறந்தபோது பொருளற்ற குறியீடுகளாகத் தெரிந்தன, ஒரு சொல்லைத் தேடினாலும் அகப்படவில்லை. இனி எந்தக் குறிப்பும் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் மட்டுமே தட்டச்சு செய்யப்பட வேண்டும் என்றும், பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதிக்கப்பட வேண்டும் என்றும் முடிவு செய்துள்ளோம்.

ஆரி எனப்படும் கொக்கி ஊசிப் பூத்தையல் வேலைக் காணொளிகளுக்கு வேறு விதமான பாடம் தேவைப்பட்டது. ஆரிச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணிக்கு மேலே வலக்கை ஊசியைப் பிடித்திருக்க, கீழே இடக்கை நூலைக் கொக்கியில் மாட்டிக் கொடுக்கிறது. புதிதாகக் கற்பவர் தடுமாறுவது பெரும்பாலும் அந்தக் கீழ்க்கையில்தான். ஆனால் இணையத்தில் நாம் காணும் பல காணொளிகள் மேற்பக்கத்தை மட்டுமே காட்டுகின்றன. நம் உறுப்பினரான சகோதரி ஒருவர் சட்டத்தின் அடியில் இன்னொரு கைப்பேசியை நிறுத்திப் படம் பிடித்து, இரண்டு காட்சிகளையும் பக்கம் பக்கமாக வைத்து, ஊசியை எந்த நொடியில் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று மெல்லச் சொல்லிக்கொண்டே செயின் தையலைப் போட்டுக் காட்டினார். விலையுயர்ந்த கேமரா எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. சன்னல் வெளிச்சமும், சட்டையில் மாட்டும் சிறு மைக்கும், மின்விசிறியை நிறுத்திய அறையும் போதுமானவையாக இருந்தன. ஒலி தெளிவாக இல்லாத காணொளியை யாரும் முழுவதும் பார்ப்பதில்லை என்பதால், மைக்குக்குச் செலவிட்ட பணம் பயனுள்ள செலவு என்று செயற்குழு கருதுகிறது.

அடுத்து, எங்கே விற்பது என்பதை ஆராய்ந்தோம். அமேசான் கிண்டிலில் 2016 இறுதியிலிருந்து தமிழ் நூல்கள் கிடைக்கின்றன. யாரும் கட்டணமின்றித் தம் நூலை அங்கு வெளியிடலாம். பொதுவான உரிமத்தொகை விலையில் 35 சதவீதம். இந்தியாவில் 70 சதவீதம் பெற வேண்டுமானால், அந்த மின்னூலை 90 நாட்களுக்கு வேறெங்கும் விற்காமல் அவர்களிடம் மட்டுமே வைத்திருக்கும் திட்டத்தில் சேர வேண்டும். கிண்டில் கருவி எழுத்தின் அளவுக்கேற்பப் பக்கத்தை மாற்றி அடுக்கும் என்பதால், அளவு மாறக்கூடாத வெட்டுப் படிவங்களுக்கு அது ஏற்றதல்ல. துணி வகைகள், அளவெடுக்கும் முறை, கடை நடத்தும் கணக்கு வழக்கு போன்ற எழுத்து வடிவப் படைப்புகளையே அங்கு கொண்டுசெல்லலாம். யூடெமி போன்ற பயிற்சித் தளங்களில் தளமே தேடிக் கொடுக்கும் விற்பனையில் ஆசிரியருக்கு 37 சதவீதமும், ஆசிரியர் தம் சொந்தக் கூப்பன் வழியே அழைத்து வரும் விற்பனையில் 97 சதவீதமும் கிடைக்கின்றன. இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள தூரம், வாடிக்கையாளரை யார் கொண்டுவருகிறார்கள் என்பதற்குத்தான் பணம் என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது. நமக்கு ஏற்கெனவே வாடிக்கையாளர்களும் பழைய மாணவிகளும் இருக்கிறார்கள். ஆகவே, நம்மிடமே வாங்கும் வழியைப் பலப்படுத்துவதே முதல் வேலை என்று செயற்குழு ஒருமனதாக முடிவெடுத்தது.

நேரடி விற்பனையில் பெரும்பாலோர் வாட்ஸ்அப்பில் க்யூஆர் குறியீட்டை அனுப்பி, பணம் செலுத்தியதைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டைப் பெற்றுக்கொண்டு கோப்பை அனுப்புகிறார்கள். இதில் போலி ஸ்கிரீன்ஷாட்டை நம்பிக் கோப்பை அனுப்பி ஏமாந்த உறுப்பினர்கள் இருக்கிறார்கள். வங்கிக் கணக்கில் வரவு வந்துவிட்டதா என்று பார்க்காமல் எந்தக் கோப்பையும் அனுப்ப வேண்டாம் என்று இந்த அவையில் மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். விற்பனை கூடும்போது இணையத்தில் பணம் பெற்றுத் தரும் ரேஸர்பே போன்ற கட்டண வாயில்களுக்கு மாறுவது நல்லது. நூற்றுக்கு 2 ரூபாய் கட்டணம், அந்தக் கட்டணத்தின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி என்று வைத்துக் கணக்கிட்டால், 99 ரூபாய்ப் படிவத்தில் 2 ரூபாய் 34 காசு போக 96 ரூபாய் 66 காசு நம் கைக்கு வரும். பணம் வந்ததும் கோப்பின் இணைப்பு தானாகப் போய்ச் சேரும்படி அமைத்துவிட்டால், நள்ளிரவில் வாங்குபவருக்காக யாரும் விழித்திருக்க வேண்டியதில்லை.

வரி குறித்த ஐயங்களைத் தீர்க்கப் பட்டயக் கணக்காளர் ஒருவரை அழைத்திருந்தோம். சேவை வழங்குவோர் ஜிஎஸ்டி பதிவு பெற வேண்டிய வரம்பு, தமிழ்நாட்டில் ஆண்டு மொத்த வரவு 20 லட்சம் ரூபாய். தையல் கூலியும் இணைய விற்பனையும் சேர்ந்தே இந்த மொத்தத்தில் வரும். வேறு மாநிலத்தவருக்குச் சேவையை விற்பதாலும் இந்த வரம்பு மாறாது. பெரிய தளங்கள் வழியே விற்கும்போது பிடிக்கப்படும் வருமான வரி, 2024 அக்டோபர் முதல் 1 சதவீதத்திலிருந்து 0.1 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு அரசுத் தளத்தில் முற்றிலும் இலவசம் என்பதால், அதற்கு இடைத்தரகர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

பதிப்புரிமை குறித்த அமர்வில் நிறையக் கேள்விகள் எழுந்தன. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாம் எழுதியதற்கும் வரைந்ததற்கும் படம் பிடித்ததற்கும் பதிவு செய்யாமலே உரிமை உண்டு. எழுத்துக்கும் வரைபடத்துக்கும் ஆசிரியரின் ஆயுளுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் அது நீடிக்கும். ஆனால் அளவெடுக்கும் முறைக்கோ ஒரு தையல் வகைக்கோ யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஆகவே, மற்றவர் கற்பித்த முறையை நம் சொந்தச் சொற்களிலும் படங்களிலும் விளக்கலாம், அவர் படத்தை எடுத்து ஒட்டக்கூடாது. காணொளியின் பின்னணியில் திரைப்பாடல் ஓடவிடும் வழக்கத்தை உடனே கைவிட வேண்டும். நம் படிவங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் கைமாறுவதை முழுதாகத் தடுக்க வழியில்லை. வாங்கியவரின் பெயரை ஒவ்வொரு தாளின் அடியிலும் அச்சிட்டு அனுப்பும் முறையைச் சிலர் கைக்கொண்டிருக்கிறார்கள். அது ஓரளவு பயன் தருகிறது.

இனி நான் சொல்லப்போவது எனக்கு மிகவும் மனவருத்தம் தந்த செய்தி. இணையத்தில் பயிற்சி விற்று மாதந்தோறும் பெருந்தொகை சம்பாதிக்கக் கற்றுத் தருவதாகச் சொன்ன பயிற்சியாளர் ஒருவரிடம், நம் உறுப்பினர் ஒருவர் நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டியிருக்கிறார். அவருக்குக் கிடைத்தது அதே பயிற்சியை மற்றவர்களுக்கு விற்கும் வழி மட்டுமே. அதில் தையலைப் பற்றியோ அவர் கையிலுள்ள திறமையைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. இணையப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த 'இன்னும் பத்து நிமிடமே' என்ற கடிகாரத்தைக் கண்டுதான் யோசிக்க நேரமின்றிப் பணம் கட்டியதாகச் சொன்னார். இத்தகைய பொய்யான அவசரத்தை ஏமாற்று வடிவமைப்புகளுள் ஒன்றாக, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள் வகைப்படுத்தித் தடை செய்திருக்கின்றன. அதே ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி நிலையங்களின் விளம்பரங்களுக்கு வகுத்த நெறிமுறைகள், பொய்யான உறுதிமொழிகளையும், ஒப்புதல் பெறாமல் மாணவர் பெயரையும் படத்தையும் பயன்படுத்துவதையும் தடுக்கின்றன. அவை பெரிய நிலையங்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை என்றாலும், நம் சங்கப் பெயரைச் சொல்லி விற்கும் எவரும் அவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பது செயற்குழுவின் உறுதியான நிலைப்பாடு. 'இதைக் கற்றால் மாதம் இவ்வளவு வருமானம்' என்று நம்மில் ஒருவரும் எழுதக்கூடாது. படிவத்தின் ஒரு தாளையோ காணொளியின் முதல் பகுதியையோ இலவசமாகக் காட்டிவிட்டு, வாங்குபவர் பார்த்துத் தெளிந்த பின்பே பணம் கேட்க வேண்டும். படிவத்தில் அளவுப் பிழை இருந்தால் கேள்வி கேட்காமல் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

விற்பனை எப்படி இருக்கிறது என்று பலர் கேட்கிறீர்கள். பெருந்தொகை யாருக்கும் வரவில்லை. சிறு படிவங்களை வெளியிட்டவர்களுக்கு மின்கட்டணம், நூல், ஊசிச் செலவுகளுக்கு ஈடாகும் அளவில் வரத் தொடங்கியிருக்கிறது. அதைவிட, படிவம் வாங்கியவர்களில் சிலர் நேரில் கற்க வந்து சேர்வதை ஆரி ஆசிரியைகள் மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறார்கள். வெளியூர் வாடிக்கையாளர்கள் அனுப்பும் கேள்விகள் அடுத்த படைப்புக்கான பட்டியலாகவும் அமைகின்றன. முதல் ஆண்டுக்கு இது நல்ல தொடக்கம் என்றே கருதுகிறேன்.

வரும் ஆண்டுக்காகச் செயற்குழு சில பரிந்துரைகளை முன்வைக்கிறது. எந்தப் படிவமும் விற்பனைக்குப் போகும் முன், வரைந்தவரைத் தவிர மற்றோர் உறுப்பினர் அதை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, மலிவான காடாத் துணியில் வெட்டித் தைத்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அதற்கான துணிச் செலவைச் சங்கமே ஏற்கும். ஆரிச் சட்டத்தின் அடியில் பொருத்தும் கைப்பேசித் தாங்கியும் இரண்டு மைக்குகளும் வாங்கிச் சங்க அலுவலகத்தில் வைத்து, உறுப்பினர்கள் முறை வைத்து எடுத்துச் செல்ல அனுமதிக்க வேண்டும். வாங்குபவர்களின் பெயர், கைப்பேசி எண் ஆகியவற்றை அவர்கள் ஒப்புதலின்றி யாருடனும் பகிரக்கூடாது என்ற விதியை, 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கருத்தில் கொண்டு, நம் துணைவிதிகளில் சேர்க்க வேண்டும். கணினி பழகாத மூத்த உறுப்பினர்களுக்கு, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி வரைந்து தர இளைய உறுப்பினர் ஒருவரைத் துணையாக அமர்த்தி, வருவாயை இருவரும் எழுத்துமூலம் ஒப்புக்கொண்ட பங்கில் பிரித்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் ஆடி மாதத்திலேயே தொடங்க விரும்புகிறோம். இதற்கு முன்வரும் இளையவர்கள் இன்றைய கூட்டம் முடிந்ததும் தங்கள் பெயரை என்னிடம் பதிவு செய்துகொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கட்டணமின்றி வகுப்பெடுத்த கணக்காளருக்கும், இடம் தந்து உதவிய மண்டப நிர்வாகிகளுக்கும், தங்கள் படிவங்களை மற்ற உறுப்பினர்கள் பிரித்துப் பார்க்க மனமுவந்து கொடுத்த ஆசிரியைகளுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி தெரிவித்து, இந்த அறிக்கையையும் மேற்கண்ட பரிந்துரைகளையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்காக முன்வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்